முதல் நர்ஸ் வேலைக்கு மருத்துவமனைகளுக்கு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷம் வார்டு இன்சார்ஜாக இருந்தவள் நான். புதிதாக ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு முடித்து வரும் ஒவ்வொரு பேட்ச்சும் என்னிடம் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறது. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதிவு விதிகளும் உரிமத் தேர்வுகளும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த ஊருக்கும் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன்.

ரிசல்ட் வந்துடுச்சு, ஆனா ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இன்னும் வரலை. இப்பவே அப்ளை பண்ணலாமா?

பண்ணுங்கள். பதிவு இல்லாமல் நர்ஸாக டியூட்டி பார்க்கத்தான் முடியாது, விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை. பயோடேட்டா பார்த்து, நேர்காணல் வைத்து, சான்றிதழ்களைச் சரிபார்த்து, மெடிக்கல் முடிப்பதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் அதற்குள் எண் வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் நிலைமையை மெயிலின் முதல் சில வரிகளுக்குள் சொல்லிவிடுங்கள். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், உரிமத் தேர்வு எழுத வேண்டிய நாடென்றால் தேர்வு என்றைக்கு என்று எழுதுங்கள். டியூட்டி லிஸ்ட்டில் பெயர் ஏறிய பிறகு எண் இல்லை என்று தெரிந்தால், உங்களோடு சேர்ந்து உங்களை எடுத்தவரும் பதில் சொல்ல வேண்டி வரும். அவர் அதை லேசில் மறக்க மாட்டார்.

வேலைக்கு ஆள் தேவைன்னு விளம்பரமே வரலை. நாமளா எழுதினா தப்பா நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். ஒரு வார்டில் யார் பிரசவ விடுப்பில் போகப்போகிறார்கள், யாருக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது என்பதெல்லாம் விளம்பரம் வருவதற்கு ரொம்ப முன்பே இன்சார்ஜுக்குத் தெரியும். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ராஜினாமா கொடுத்த ஒரு சமயம், நான் முதலில் செய்த வேலை பழைய மெயில்களைத் தேடியதுதான். மூன்று வாரம் முன்பு வந்த, பதில்கூடப் போடாமல் விட்டிருந்த ஒரு மெயில் கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணை அன்று சாயங்காலமே போனில் கூப்பிட்டேன்.

யாருக்கு எழுதறது? ஹெச்.ஆருக்கா, நர்சிங் ஹெட்டுக்கா?

பெரிய மருத்துவமனை என்றால் இருவருக்கும். ஆன்லைன் படிவமோ ஹெச்.ஆர். மெயிலோ, அவர்கள் சொன்ன வழியில் முதலில் விண்ணப்பம் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை கொடுக்க நினைப்பவரால்கூட உங்கள் பெயரை முன்னே நகர்த்த முடியாது. அதை முடித்துவிட்டு நர்சிங் தலைமையில் இருப்பவருக்குத் தனியாக ஒரு மெயில் போடுங்கள். சூப்பரின்டெண்ட், மேட்ரன், நர்சிங் டைரக்டர் என்று இடத்துக்கு இடம் பதவிப் பெயர் மாறும். சின்ன மருத்துவமனை என்றால் நேராக அவருக்கே எழுதினால் போதும்.

பெயர் தெரியவில்லை என்றால் ரிசப்ஷனுக்கு போன் போட்டு, "நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு மெயில் எழுதணும், அவங்க பேரும் ஸ்பெல்லிங்கும் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அரை நிமிட வேலை. படிக்கும்போது பயிற்சிக்காகப் போஸ்டிங் போன வார்டின் இன்சார்ஜ் உங்களை நினைவில் வைத்திருந்தால், முதல் மெயில் அவருக்குத்தான் போக வேண்டும். முன்பின் தெரியாத பத்து இடங்களுக்கு எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

தயவுசெய்து ஒரே மெயிலை எல்லா மருத்துவமனைக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஒருமுறை எனக்கு வந்த மெயிலில் பெறுநர் வரிசையில் நாற்பது மருத்துவமனைகளின் முகவரி இருந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரில் யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

மெயில்ல என்னதான் எழுதறது? ஆரம்பிக்கவே வரலையே.

படிப்பவருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: பதிவு இருக்கிறதா, எப்போது சேர முடியும், ஏன் எங்களிடம் வருகிறாய், நம்பி வார்டில் விடலாமா. இதற்குப் பத்து வரி தாராளம். தலைப்பு வரியில் "புதிய பட்டதாரி நர்ஸ், பதிவு முடிந்தது, 1ஆம் தேதி முதல் சேரலாம்" என்று போட்டுவிட்டால் பாதி விஷயம் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். உள்ளே இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய சூப்பரின்டெண்ட் அவர்களுக்கு, நான் இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். பதிவு எண் பயோடேட்டாவில் உள்ளது. மூன்றாம் ஆண்டில் உங்கள் சர்ஜிகல் வார்டில் ஆறு வாரம் போஸ்டிங்கில் இருந்தேன். ஆபரேஷன் முடிந்து வரும் நோயாளிகளைக் கவனிப்பதில் ஆர்வம் வந்தது அங்கேதான். டிரெஸ்ஸிங், கதீட்டர் பராமரிப்பு, மருந்து கொடுப்பது ஆகியவற்றை மேற்பார்வையில் செய்திருக்கிறேன். கேனுலா போடுவதில் இன்னும் பயிற்சி வேண்டும். எல்லா ஷிப்டும் பார்க்கத் தயார். அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் சேரலாம். புதியவர்களுக்கு இடம் இருந்தால், பத்து நிமிடம் நேரில் வந்து பார்க்கலாமா?"

கேனுலா, அதாவது மருந்து ஏற்ற ரத்த நாளத்தில் போடும் சிறு குழாய், பற்றிய அந்த வரியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் வார்டிலும் அப்படியே சொல்வார் என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தவை அந்த மாதிரி வரிகள்தான். நீங்கள் போகாத வார்டுக்குப் போனதாக மட்டும் எழுத வேண்டாம். அந்த இடத்தில் அந்த மருத்துவமனையைப் பற்றி உங்களுக்கு உண்மையில் தெரிந்த வேறொன்றை எழுதுங்கள். மருத்துவமனை எந்த மொழியில் விளம்பரம் செய்கிறதோ அந்த மொழியில் எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சிறுவயது முதலே சேவை மனப்பான்மை" என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். விளக்கேந்திய நைட்டிங்கேலையும் கூப்பிட வேண்டாம். அந்த அம்மாவே ராணுவத்தில் ஏற்பட்ட சாவுக் கணக்கை 1858இல் வரைபடமாகப் போட்டுக் காட்டித்தான் சீர்திருத்தம் கேட்டார். நீங்களும் விவரத்தோடு பேசுங்கள்.

பயோடேட்டால அனுபவம்ங்கிற இடம் காலியா இருக்கே, என்ன போடறது?

போஸ்டிங்குகள் இருக்கின்றனவே. லாக் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுதுங்கள். "மெடிசின் போஸ்டிங் முடித்தேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. "மெடிசின் வார்டு, 30 படுக்கை, எட்டு வாரம். ஒரு ஷிப்டில் நான்கு நோயாளிகள் என் பொறுப்பில். பெரும்பாலும் சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு" என்று எழுதினால் நீங்கள் என்ன பார்த்திருப்பீர்கள் என்று எனக்குக் கண்முன் வந்துவிடும்.

பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) மாதிரிப் பயிற்சி அட்டைகள் பொதுவாக இரண்டு வருஷம்தான் செல்லும், காலாவதித் தேதியையும் போடுங்கள். படிக்கும்போது கடையில் பில் போட்டிருந்தால், டியூஷன் எடுத்திருந்தால் அதுவும் ஒரு வரி வரலாம். கூட்டத்தைச் சமாளித்துப் பழகியவர் என்று அர்த்தம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கோப்பை பி.டி.எஃப்.ஆக, உங்கள் பெயரிலேயே சேமியுங்கள். "பயோடேட்டா ஃபைனல் புதுசு 3" என்று வருவதை எத்தனை தரம்தான் பார்ப்பது!

கொஞ்சம் கூட்டிப் போட்டா என்ன? எல்லாரும்தான் எல்லாம் தெரியும்னு போடறாங்க.

வென்டிலேட்டர் பராமரிப்பு தெரியும் என்று எழுதியிருந்த ஒருவரிடம், "ஹை பிரஷர் அலாரம் அடிக்குது, முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "அலாரத்தை சைலன்ட்ல போடுவேன்" என்றார். முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். சளி அடைத்திருக்கிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா, கடிக்கிறாரா, இருமுகிறாரா, நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உதவிக்கும் ஆள் கூப்பிட வேண்டும். ஒருநாள் ஐ.சி.யூ.வில் நின்று வேடிக்கை பார்த்ததை அவர் திறமை என்று எழுதிவிட்டார், அவ்வளவுதான். "பார்த்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தால் நான் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்.

செயல்முறைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பக்கத்தில் நின்று பார்த்தது, ஒருவர் கூட இருக்கச் செய்தது, தனியாகச் செய்தது. மூன்றாவதில் இரண்டே இரண்டு இருந்தாலும் பரவாயில்லை. பாட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் பேராசிரியர் 1984இல் ஒரு நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். புதிதாகப் படித்து வருபவருக்கு அதில் இரண்டாம் படி. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் அந்தப் படியில் இருக்கும் ஆளைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

நேர்ல போய்க் கேக்கலாமா, போன் பண்ணலாமா?

இரண்டும் செய்யலாம், நேரம் பார்த்து. ஷிப்ட் மாறும்போதும் காலை ரவுண்ட்ஸ் நேரத்திலும் வேண்டவே வேண்டாம். நோயாளிகளை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நடுவில் வேலை கேட்டு வருபவருக்கு ஹேண்ட்ஓவரின் அருமை தெரியாது என்று எடுத்துக்கொள்வார்கள். மத்தியான டியூட்டி தொடங்கி எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு போங்கள்.

வார்டுக்குள் நுழையாமல் நர்சிங் அலுவலகத்துக்குப் போங்கள். கையில் பயோடேட்டா, சான்றிதழ் நகல்கள். "இப்ப பார்க்க முடியாது" என்றால் நகலைக் கொடுத்து, வாங்கியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த மெயிலில் அந்தப் பெயர் பயன்படும்.

பத்து நாள் ஆச்சு, பதிலே இல்லை. திரும்பக் கேட்டா தொல்லைன்னு நினைப்பாங்களோ?

பத்து நாளுக்குப் பிறகு ஒருமுறை கேட்கலாம். இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை. அப்புறம் விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். பழைய மெயிலுக்கே பதிலாக, இரண்டே வரி எழுதுங்கள். புதிய செய்தி ஏதாவது சேர்த்தால் கேட்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். "பதிவு எண் நேற்று வந்துவிட்டது" என்பதைவிட நல்ல செய்தி இல்லை.

பதில் வராததை வைத்து உங்களை எடை போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று வாரம் பதில் போடாத ஆள் யார் என்று மேலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ரெஃபரன்ஸ் யார் பேரைப் போடறது? எங்க மாமா ஒரு டாக்டர்.

மாமா வேண்டாம். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் வேண்டும்: கிளினிகல் இன்ஸ்ட்ரக்டர், போஸ்டிங் வார்டின் இன்சார்ஜ். முன்கூட்டியே கேட்டுவிட்டு, எந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றும் சொல்லி, பயோடேட்டாவை அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். திடீரென்று போன் வந்து, "எந்தப் பொண்ணு?" என்று அவர் திணறினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

எங்க பார்த்தாலும் ஒரு வருஷ அனுபவம் கேக்கறாங்க. அனுபவம் இல்லாம வேலை இல்லை, வேலை இல்லாம அனுபவம் இல்லை. என்ன பண்றது?

விளம்பரத்தை இன்னொருமுறை படியுங்கள். "அனுபவம் இருந்தால் நல்லது" என்று இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். "கட்டாயம்" என்று இருந்து, வேலை ஐ.சி.யூ. அல்லது அவசரப் பிரிவில் என்றால் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு இன்றைக்கே தனியாக நிற்கக்கூடிய ஆள் தேவை. ஜெனரல் வார்டுக்குக் "கட்டாயம்" என்றால், நர்சிங் தலைமைக்கு எழுதி, புதியவர்களை எடுக்கும் திட்டம் எப்போதாவது உண்டா என்று கேட்கலாம். புதியவர்களுக்கென்றே திட்டம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பிரிட்டனில் அதற்கு ப்ரிசெப்டர்ஷிப் என்று பெயர், அமெரிக்காவில் நர்ஸ் ரெசிடென்சி என்பார்கள். இந்தச் சொற்களைப் போட்டும் தேடுங்கள்.

வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைகளில் புதியவர்களைச் சுலபமாக எடுக்கிறார்கள். முதல் வேலையாக அதை எடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஒரு சீனியர் இருக்க மாட்டார்.

எனக்கு ஐ.சி.யூ.தான் வேணும். ஜெனரல் வார்டு கொடுத்தா வேண்டாம்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எதை விடுகிறீர்கள் என்று தெரிந்து சொல்லுங்கள். பல நோயாளிகளுக்கு நடுவே யாருடைய நிலை மோசமாகிறது என்று மெஷின் சொல்லாமலே கண்டுபிடிக்க ஜெனரல் வார்டு கற்றுத்தரும். ஆசையை மறைக்கவும் வேண்டாம். "ஒரு வருஷத்துக்குப் பிறகு ஐ.சி.யூ.க்கு மாற வாய்ப்பு உண்டா?" என்று நேர்காணலிலேயே கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

மருந்துக் கணக்கு அநேகமாக வரும். ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. விடையை மட்டும் சொல்லாமல் வழியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பதற்றத்தில் வகுத்தல் தப்பினாலும் முறை தெரியும் என்று புரியும்.

அடுத்து, யாரை முதலில் பார்ப்பீர்கள் என்ற கேள்வி. வலியில் கத்துகிறார் ஒருவர், டிஸ்சார்ஜ் காகிதம் கேட்டு நிற்கிறார் ஒருவர், சுகர் பார்க்க வேண்டியவர் ஒருவர், ஆபரேஷன் முடிந்து வந்து சத்தமே இல்லாமல் வியர்த்துப் படுத்திருக்கிறார் ஒருவர். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் வியர்ப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். மற்ற மூவரையும் மறக்கவில்லை என்று காட்ட, யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, "டாக்டருக்கு எப்படிச் சொல்வீர்கள்?" இதற்கு எஸ்பார் (SBAR) முறை கைகொடுக்கும்: நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுவது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. "டாக்டர், சர்ஜிகல் வார்டு 6ஆம் படுக்கை. பி.பி. 84/50, பல்ஸ் 128. காலையில் வயிற்று ஆபரேஷன் முடிந்தவர், டிரெயின் குழாயில் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி ரத்தம். உள்ளே கசிகிறது என்று நினைக்கிறேன். உடனே வந்து பாருங்கள். நீங்கள் வருவதற்குள் நான் என்ன செய்யட்டும்?" இதைக் கண்ணாடி முன் நின்று நாலைந்து முறை சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சரளமாக வருவது வாய்க்கு வரும்போது தடுக்கும்.

"நீங்க பண்ணின தப்பு ஒண்ணு சொல்லுங்க"ன்னா என்ன சொல்றது? சொன்னா எடுக்க மாட்டாங்களே.

"தப்பே செய்ததில்லை" என்பதுதான் ஆபத்தான பதில். உண்மையில் நடந்த சின்னதொன்றைச் சொல்லுங்கள். பி.பி.யைப் பக்கத்துப் படுக்கையின் சார்ட்டில் எழுதிவிட்டேன், அரை மணியில் கண்டுபிடித்து இன்சார்ஜிடம் சொன்னேன், விதிப்படி திருத்தினேன், அன்றிலிருந்து எழுதும் முன் கையிலுள்ள அடையாளப் பட்டையைப் பார்க்கிறேன். இந்த வரிசை போதும். நோயாளி பெயர் வரக் கூடாது. கூட இருந்தவர் மேல் பழியும் வரக் கூடாது.

படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, குடும்பக் காரணத்தால வேலைக்குப் போகலை. இனிமே யார் எடுப்பாங்க?

எடுப்பார்கள், கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும். இடைவெளிக்கு ஒரே வரி காரணம் போதும், வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு இருக்கும் கவலை உங்கள் கை மறந்துவிட்டதா என்பதுதான். ஆகவே பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள், பி.எல்.எஸ். மறுபடி முடியுங்கள், சில வாரம் வார்டில் உடன் நின்று பார்க்க அனுமதி தரும் இடம் உண்டா என்று கேளுங்கள். அந்தத் தேதிகளை மெயிலின் இரண்டாவது வரியிலேயே போடுங்கள்.

வேலை தர்றோம், ஆனா ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொடுக்கணும், பாண்ட் போடணும்ங்கறாங்க. சரின்னு சொல்லலாமா?

ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அலமாரியில் அது பூட்டிக் கிடந்தால், வேறு இடத்துக்குப் போகும் உங்கள் சுதந்திரமும் அங்கேதான் கிடக்கும். பாண்ட் என்றால் எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு ஈடாக என்ன பயிற்சி தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாள் வைத்துப் படியுங்கள். "இப்பவே கையெழுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை வாங்கித்தரப் பணம் கேட்கும் ஏஜென்சி என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு. சம்பளம் அதிகமா இருக்கற இடத்துக்குப் போயிடட்டுமா?

இரண்டு இடத்திலும் இதைக் கேளுங்கள்: தனியாக நோயாளிகளைக் கொடுக்கும் முன் எத்தனை வாரம் ஒரு சீனியரோடு விடுவீர்கள்? நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? புதியவர்கள் மட்டுமே இருக்கும் ஷிப்ட் உண்டா? "அதெல்லாம் வந்தா கத்துக்கலாம்" என்று ஓர் இடத்தில் சொன்னால், சம்பளம் எவ்வளவு கூட இருந்தாலும் நான் மற்ற இடத்தைத்தான் எடுப்பேன். குடும்பக் கஷ்டத்தில் பணம்தான் முக்கியம் என்றால் அதுவும் நியாயமே, ஆனால் நைட் டியூட்டி கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள்.

வேண்டாம் என்று முடிவுசெய்த இடத்துக்கு அன்றே நன்றி சொல்லி எழுதிவிடுங்கள். சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களின் பெயர் இன்சார்ஜுகளுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும். இன்சார்ஜுகளும் வேலை மாறுவார்கள், நீங்கள் அடுத்து எழுதும் மருத்துவமனையிலேயே அவர் இருக்கலாம்.

சேர்ந்து ஒரு மாசம் ஆச்சு. தினமும் அழுகையா வருது. தப்பான இடமோ? வேற இடத்துக்கு எழுதட்டுமா?

படித்தது வேறு, வார்டு வேறாக இருப்பதன் அதிர்ச்சி இது. மார்லின் கிரேமர் என்ற நர்ஸ் ஆய்வாளர் இதை 1974லேயே விரிவாக எழுதி, "யதார்த்த அதிர்ச்சி" என்று பெயரும் வைத்துவிட்டார். நானும் முதல் மாதம் லினன் அறையில் நின்று அழுதவள்தான். களைப்பு, வேகம் போதாத கவலை, சீனியரின் சிடுசிடுப்பு இவைதான் காரணம் என்றால் கொஞ்ச மாதம் பொறுங்கள். இன்சார்ஜிடம் போய், "இந்த ரெண்டு வேலையில எனக்கு இன்னும் பயிற்சி வேணும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

தெரியாத வேலையைத் தனியாகச் செய்யச் சொல்கிறார்கள், கேள்வி கேட்டால் திட்டுகிறார்கள், செய்யாததைச் செய்ததாக எழுதச் சொல்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். அங்கே உங்கள் பதிவுக்கே ஆபத்து. நடந்ததைத் தேதியோடு, நோயாளி விவரம் இல்லாமல் குறித்துவைத்துக்கொண்டு, நர்சிங் தலைமையிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் மேலே உள்ள மாதிரி மெயிலை எடுத்து, போஸ்டிங் வரிக்குப் பதில் இந்த வேலையை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டால், "புதியவர்களுக்கு மேற்பார்வை இருக்கும் இடம் தேடுகிறேன்" என்றால் போதும். பழைய இடத்தின் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டாம். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுச் சேரும் தேதியைப் போடுங்கள்.